மூக்கடைத்த பூனைக்கு வீட்டில் பத்து நாள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். மதுரை புதூரில் மாடி வீடு. எட்டு மாதப் பெண் பூனை, எடை 2.8 கிலோ. தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் தும்மல் தொடங்கியிருக்கிறது. இன்று நான்காம் நாள். மூக்கில் மஞ்சள் சளி, இடது கண் பீளையால் ஒட்டிக்கொள்கிறது, கைவைத்தால் உடம்பு சுடுகிறது, நேற்றுக் காலையிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. டாக்டர் ஊசி போட்டு, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்து, "வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார். எப்படிக் கவனிப்பது என்று நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாட்டி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பாராசிட்டமால் கால் மாத்திரை போதும் என்கிறார். எதைச் செய்வது?

இரண்டையும் செய்யாதீர்கள். பாராசிட்டமால் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் இதை மேற்கொண்டு படிக்க வேண்டாம், பூனையைத் தூக்கிக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு போக வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. கால்நடை ஆய்வாளராக மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று சுற்றி ஓய்வு பெற்றவன். ஆட்டுக்குக் கழிச்சல், மாட்டுக்கு மடிநோய், கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் என்றே என் காலம் போயிற்று. மாட்டாஸ்பத்திரிக்குப் பூனையைக் கொண்டுவந்தால் வரிசையில் நிற்பவர்கள் சிரித்த காலம் அது. பூனையைப் பற்றி நான் கற்றதெல்லாம் ஓய்வுக்குப் பிறகு, வில்லாபுரம் வீட்டில், என் மனைவி தெருவிலிருந்து தூக்கி வந்தவற்றிடம்தான். ஒரு சமயம் ஏழு இருந்தன. ஏழுக்கும் ஒரே வாரத்தில் சளி பிடித்தது. அந்த வாரம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து.

முதலில், என்ன வந்திருக்கிறது என்பது. பூனைகளுக்கு வரும் இந்த மூக்குச்சளியில் பத்துக்கு எட்டு, ஒன்பது இரண்டே வைரஸ்களின் வேலை. ஒன்று பூனை ஹெர்பிஸ், மற்றது கேலிசி. கிளமிடியா, போர்டெடெல்லா, மைக்கோபிளாஸ்மா போன்ற பாக்டீரியாக்கள் மிச்சத்துக்கும், இந்த வைரஸ்கள் திறந்துவிட்ட வழியில் பின்னால் நுழைவதற்கும் இருக்கின்றன. ஹெர்பிஸ் என்றால் தும்மலும் கண்ணும் முன்னால் நிற்கும். கேலிசி என்றால் நாக்கிலும் அண்ணத்திலும் புண் வரும், எச்சில் வடியும், சில பூனைகள் இரண்டு நாள் நொண்டும். காலில் அடிபட்டுவிட்டது என்று நாம் காலைத் தடவிக்கொண்டிருப்போம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஹெர்பிஸ் மேல்தான் சந்தேகம். அதற்குக் காரணம் தீபாவளி. இந்த வைரஸ் ஒருமுறை உள்ளே வந்தால் பூனையை விட்டுப் போவதில்லை. முகத்து நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். பூனை பயந்தால், வீடு மாறினால், புதுப் பூனை வந்தால் எழுந்துகொள்ளும். எழுந்து வெளியே வர ஒரு வாரம் பிடிக்கும், அதன் பிறகு ஒன்றிரண்டு வாரம் சளியிலும் கண்ணீரிலும் வைரஸ் வரும். வெடிச்சத்தத்துக்குப் பயந்து கட்டிலடியில் இரண்டு நாள் கிடந்த பூனை அடுத்த வாரம் தும்முவது இந்தக் கணக்கில்தான். அதைக் குட்டியாக எடுத்து வந்தபோது கண்ணில் பீளை இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இருந்திருக்கும்.

வைரஸ் என்றால் ஆன்டிபயாடிக் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. துணை விலங்குகளின் தொற்று நோய்களுக்கான சர்வதேசச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காய்ச்சலும் சோர்வும் இல்லாமல் நன்றாகச் சாப்பிடும் பூனைக்கு வெறும் தும்மலுக்காக ஆன்டிபயாடிக் கொடுக்காமல் பத்து நாள்வரை பொறுத்துப் பார்க்கச் சொல்கிறது. உங்கள் பூனை சாப்பிடவில்லை, சளி மஞ்சளாகிவிட்டது. அதனால் டாக்டர் எழுதியது சரியான மருந்துதான், அதே வழிகாட்டுதல் முதலில் சொல்லும் மருந்தும் டாக்சிசைக்ளின்தான். ஆனால் அது பின்னால் வந்த பாக்டீரியாவைத்தான் பார்க்கும். வைரஸைப் பூனையின் உடம்பே ஏழு நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் அடக்கிக்கொள்ளும். அதுவரை பூனை பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. என் அனுபவத்தில் வளர்ந்த பூனைகள் சளியால் அவ்வளவாகச் சாவதில்லை, சாப்பிடாமல் சாகின்றன.

பூனை ஏன் சாப்பிடவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். நமக்கு மூக்கடைத்தால் ருசி தெரியாமலே ரசம் சாதத்தை விழுங்கிவிடுவோம். பூனை அப்படிச் செய்யாது. மோப்பம் பிடித்து, இது உணவு என்று மூக்கு ஒப்புக்கொண்டால்தான் வாய் திறக்கும். மூக்கு அடைத்த பூனைக்குத் தட்டில் இருக்கும் மீனும் ஒன்றுதான், செங்கல்லும் ஒன்றுதான். பசி இருந்தும் தட்டருகே வந்து நின்று, குனிந்து, திரும்பிப் போகும். அந்தத் திரும்பிப் போவதைப் பார்த்துத்தான் "பிடிவாதம் பிடிக்கிறது, பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். சாப்பிடாது. இரண்டு மூன்று நாள் முழுப்பட்டினி கிடந்தால், உடம்பிலுள்ள கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலுக்கு வந்து தேங்கி, கல்லீரலே செயலிழக்கும் நிலை பூனைக்கு வரும். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். உங்களுடையது நேற்றுக் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதால், இன்று மாலைக்குள் ஏதாவது உள்ளே போயாக வேண்டும்.

எப்படி என்று கேட்டால், ஆவி, துடைப்பு, சாப்பாடு. இந்த வரிசை மாறக்கூடாது, நடுவில் இடைவெளியும் கூடாது.

ஆவி என்றால் வெறும் வெந்நீர் ஆவி. குளியலறை ஜன்னலை அடைத்து, கீசரிலிருந்து இரண்டு வாளி நல்ல சூடான தண்ணீர் பிடித்து ஓரமாக வையுங்கள். கண்ணாடியில் நீர் படியும் அளவுக்கு அறை ஈரமானதும் பூனையோடு உள்ளே போய் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். பத்து நிமிடம், அதிகம் போனால் பதினைந்து. காலை, மதியம், இரவு என மூன்று வேளை. பாத்திரத்தின் மேல் குனிய வைத்துப் போர்வையால் மூடுவது மனிதனுக்குச் சரி. பூனைக்குச் செய்தால் உங்களுக்குத் தையலும் அதற்குத் தீக்காயமும் மிச்சம். வாளிகளை மூலையில் பலகை வைத்து மறைத்துவிடுங்கள், பயந்து குதித்தால் நேரே அதில்தான் விழும். வீட்டில் குழந்தைக்கு வாங்கிய நெபுலைசர் இருந்தால் மருந்து எதுவும் கலக்காமல் நார்மல் சலைன் மட்டும் விட்டு, கூடையில் பூனையை வைத்துப் பக்கத்தில் புகைய விடலாம். முகமூடியை முகத்தில் அழுத்த வேண்டாம்.

நொச்சி ஏன் வேண்டாம் என்கிறேன்? பாட்டி சொல்வது மனிதர்களுக்குச் சொல்வது. நொச்சி, தைல இலை, கற்பூரவல்லி, துளசி எல்லாவற்றிலும் மூக்கைத் திறப்பது அவற்றின் ஆவியாகும் எண்ணெய். அந்த மாதிரிப் பொருளை நம் கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு கோத்து வெளியே தள்ளிவிடும். அதைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்று யுஜிடி1ஏ6. அதை உண்டாக்கும் மரபணு பூனைக்குச் சிதைந்து கிடக்கிறது. வீட்டுப் பூனைக்கு மட்டுமில்லை, சிங்கம் புலிக்கும் அப்படித்தான். கறியே தின்று வாழ்ந்த இனத்துக்குச் செடியின் விஷத்தை முறிக்கும் தேவை வரவில்லை போலிருக்கிறது. ஆகவே நமக்குச் சுகமானது அதற்குள் தேங்கிவிடுகிறது. நெற்றியில் தடவும் தைலம், நெஞ்சில் தேய்க்கும் களிம்பு, சூடம், யூகலிப்டஸ் எண்ணெய் எல்லாம் இதில் சேர்ந்தவை. அதிலும் தைலம் தடவினால் பூனை சும்மா இருக்காது, நக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பூனையின் மார்பில் களிம்பைத் தேய்த்துத் துணியும் சுற்றிவிட்டார்கள். நான் போனபோது வாயெல்லாம் நுரை, கால் பின்னிக்கொண்டு நடக்கிறது. சமையலறைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, துடைத்து, ஆட்டோவில் அனுப்பினோம். பிழைத்துக்கொண்டது.

பாராசிட்டமாலும் இதே வாசலில்தான் மாட்டிக்கொள்கிறது. வெளியேற முடியாமல் வேறு வழியில் சிதைந்து, இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைத் தாக்கும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் போனதிலேயே விஷமேறிய பூனைகள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கால் மாத்திரை என்பது, 500 மாத்திரையில், 125 மில்லிகிராம். உங்கள் பூனையின் எடைக்கு வகுத்துப் பாருங்கள், கிலோவுக்கு ஏறத்தாழ 45. இன்னொன்று, உடம்பு சுடுகிறது என்று கைவைத்துச் சொல்கிறீர்களே, பூனைக்கு இயல்பான சூடே 100.5 முதல் 102.5 பாரன்ஹீட். நல்ல பூனையும் நம் கைக்குக் காய்ச்சல் பூனை போலத்தான் தெரியும்.

ஆவி முடிந்து வெளியே வந்ததும் மூக்கு இளகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை நழுவ விடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியை மூக்கின் மேல் சிறிது நேரம் ஒற்றி வைத்தால் காய்ந்த பொருக்கு ஊறி வரும். உரிக்காதீர்கள், உரித்தால் புண்ணாகி அடுத்த முறை துணியைக் கண்டாலே ஓடும். உள்ளே அடைப்பு இருந்தால் கைக்குழந்தைக்கு விடும் சாதாரண உப்புநீர்ச் சொட்டு, நாசிக்கு ஒன்று. மருந்துக்கடையில் மூக்கடைப்புச் சொட்டு என்று கேட்டால் பெரியவர்களுக்கான மருந்துச் சொட்டைக் கொடுத்துவிடுவார்கள். அது பூனைக்கு ஆகாது. நார்மல் சலைன் என்று கேட்டு, அட்டையில் வேறு மருந்துப் பெயர் எதுவும் இல்லை என்று பார்த்து வாங்குங்கள். மூக்கின் வெளித்தோல் வெடித்திருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பூசலாம். மூக்கினுள் எந்த எண்ணெயையும் விடக்கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் அது தனி நிமோனியா.

கண்ணுக்கும் அதே வெதுவெதுப்பான தண்ணீர், கொதித்து ஆறியது. பஞ்சை நனைத்து மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. ஒரு பஞ்சு ஒரு கண்ணுக்கு ஒரு தடவைதான். கண்ணைத் திறக்காமல் இடுக்கிக்கொண்டே இருந்தாலோ, கருவிழியில் நீலமாகப் புகை படிந்தது போல் தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஹெர்பிஸ் கருவிழியில் புண் போடும். புண்ணைப் பச்சையாகக் காட்டும் சாயத் தாள் ஒன்றைக் கண்ணில் தொட்டுப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். தாத்தாவுக்குக் கண் அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுத்த சொட்டு பிரிட்ஜில் மிச்சம் இருக்கும், அதை எடுத்து விட்டுவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். புண்ணுள்ள கண்ணில் ஸ்டீராய்டு விழுந்தால் கண்ணே போகலாம்.

இப்போது சாப்பாடு. சூடாக்கிக் கொடுங்கள். எவ்வளவு சூடு என்றால், விரலை வைத்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது, அப்போதுதான் பிடித்த எலியின் சூடு. பாக்கெட்டில் வரும் ஈர உணவென்றால் பாக்கெட்டோடு வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். வீட்டு உணவென்றால் எலும்பில்லாத கோழிக்கறி, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் தண்ணீரில் வேகவைத்தது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்துக்கு ஆகாது, ஆகவே கடையில் வாங்கிய சூப்பு வேண்டாம். மூன்று கிலோவை ஒட்டிய பூனைக்கு நாளொன்றுக்கு 160 கலோரி அளவில் போனால் உயிர் தாங்கும். வேகவைத்த நெஞ்சுக்கறி 100 கிராமில் அது வந்துவிடும். பத்து நாளைக்கு இது போதும், ஆண்டு முழுக்க இதையே போட்டால் வேறு குறை வரும். ஐந்தாறு வேளையாகப் பிரித்து, வேளைக்கு இரண்டு ஸ்பூன் மட்டும் வையுங்கள். நிறைய வைத்தால் ஆறிப் போய் அப்படியே கிடக்கும், பூனைக்கும் அதன் மேல் வெறுப்பு வரும்.

இதற்கும் அசையாத பூனை உண்டு. எங்கள் வீட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கடுவன் இருந்தது. மூன்றாவது நாளாகத் தலையைத் தூக்கவில்லை. கோழி, முட்டை மஞ்சள் கரு, மத்தி மீன் என்று மூக்கருகே காட்டியதற்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் மனைவி ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போய் இரும்புத் தோசைக்கல்லைக் காயவைத்து, நாலு நெத்திலிக் கருவாட்டைப் போட்டு வாட்டினாள். வீடு முழுக்க நெடி, எனக்குக் கண் எரிந்தது, மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பூனை கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் மூக்கு நுனி இரண்டு முறை அசைந்தது. அந்தக் கல்லைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தட்டிலிருந்த வெந்த மத்தியில் ஒரு துணுக்கை அதன் உதட்டில் தடவினாள். நக்கியது. பிறகு எழுந்து உட்கார்ந்து ஒரு ஸ்பூன் அளவு தின்றது. கருவாட்டை அதற்குக் கொடுக்கவில்லை, அவ்வளவு உப்பு பூனைக்கு ஆகாது. வாசனைக்கு மட்டும்தான் கருவாடு, வயிற்றுக்கு மத்தி. மத்தி கரிமேட்டில் வாங்கியது. அயிரை வாங்கிப் பூனைக்குப் போடும் அளவுக்கு எனக்கு ஓய்வூதியம் வரவில்லை.

பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழியும். ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பில் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் சங்கடம். தயிர்ச்சோறு தின்றே பழகிய பூனை என்றால் ஒரு வாய் தின்னட்டும், அதுவே சாப்பாடு என்று விட்டுவிடாதீர்கள்.

தண்ணீர் கணக்கும் சொல்கிறேன். கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி, உணவிலுள்ள ஈரத்தையும் சேர்த்து. உங்கள் பூனைக்கு 140. கறி வெந்த தண்ணீரைச் சோற்றுக் கஞ்சி போல் மேலே ஊற்றிக் கொடுத்தால் பாதி கணக்கு முடியும். உடம்பில் நீர் போதுமா என்று பார்க்க, தோள்பட்டைக்கு மேல் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படிந்தால் பரவாயில்லை, கூடாரம் போல் நின்று மெதுவாக இறங்கினால் வற்றியிருக்கிறது. பல்லீறை விரலால் தொட்டால் வழுவழுவென்று இருக்க வேண்டும், பிசுக்கென்று ஒட்டக்கூடாது. வற்றிவிட்டது என்றால் வீட்டில் மல்லுக்கட்டாதீர்கள். டாக்டர் தோலுக்கடியில் சலைன் ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் பூனை வேறு பூனையாகிவிடும்.

தானாகத் தின்னாதபோது ஊசி இல்லாத சிரிஞ்சில் ஊட்டலாம், ஐந்து மில்லி சிரிஞ்சு போதும். கறியை அதன் தண்ணீரோடு மிக்ஸியில் மாவாக அரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். பழைய துண்டில் தலை மட்டும் வெளியே தெரியும்படி பூனையைச் சுற்றி, மடியில் உங்களுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். கோரைப்பல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி உண்டு. சிரிஞ்சை அந்தக் கடைவாய் வழியாக நுழைத்து அரை மில்லி, ஒரு மில்லி விட்டு நிறுத்துங்கள். விழுங்கட்டும். நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். குழந்தைக்கு மருந்து புகட்டுவது போலத் தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். கண்ணைத் திறக்கவே முடியாமல் துவண்டு கிடக்கும் பூனைக்கும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனைக்கும் சிரிஞ்சில் எதுவும் கொடுக்கக்கூடாது. எச்சில் வடிந்து, சிரிஞ்சு பட்டதும் துள்ளினால் வாயில் புண் இருக்கிறது. அதற்கு வலி மருந்து டாக்டர்தான் தர வேண்டும்.

அந்த டாக்சிசைக்ளினைப் பற்றி ஒரு சங்கதி. இதில் நான் சூடுபட்டவன். எங்கள் வீட்டுச் செவலைப் பூனைக்கு இதே மாத்திரை. முப்பது வருடம் மாட்டுக்கு மருந்து கொடுத்த கை, தொண்டைக்குள் போட்டு வாயை மூடிப் பிடித்து ஒரு நொடியில் விழுங்க வைத்துவிட்டேன், அதில் பெருமை வேறு. பூனையின் உணவுக்குழாயில் வறண்ட மாத்திரை இறங்காமல் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று எனக்குத் தெரியாது. இந்த மருந்து நின்ற இடத்தைப் புண்ணாக்கும், புண் ஆறும்போது குழாய் சுருங்கும். சளி போய் இரண்டு வாரம் கழித்துச் செவலை தின்றதையெல்லாம் அப்படியே திருப்பிக் கொண்டுவரத் தொடங்கியது. அதற்குப் பிறகு அது இருந்த மூன்று வருடமும் கூழாகக் கரைத்ததை மட்டும்தான் குடித்தது. மாத்திரையை விழுங்கியதும் ஐந்தாறு மில்லி தண்ணீரைச் சிரிஞ்சில் மெதுவாகக் கொடுத்திருந்தால், அல்லது மேலே ஒரு ஸ்பூன் சாப்பாடு போயிருந்தால் இது நடந்திருக்காது. நீங்கள் மறக்காதீர்கள். முடிந்தால் திரவ மருந்தாக எழுதித் தரக் கேளுங்கள். தேறிவிட்டது போலத் தெரிந்ததும் நடுவில் நிறுத்தவும் வேண்டாம், எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டு முடியுங்கள்.

இணையத்தில் ஹெர்பிஸுக்கு லைசின் பொடி கொடுங்கள் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வுரை, அதனால் பயனில்லை என்று முடித்தது. அந்தக் காசுக்குக் கோழி வாங்கலாம். ஹெர்பிஸ் கடுமையாக இருந்தால் ஃபாம்சிக்ளோவிர் என்ற மருந்து உண்டு, டாக்டர் முடிவு செய்வார். மனிதருக்கு அக்கிக்குக் கொடுக்கும் ஏசிக்ளோவிர் மாத்திரையை அதற்கு மாற்றாக நீங்களே கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது கெடுதல்.

பூனை இருக்கும் அறையைப் பற்றிக் கொஞ்சம். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் மூன்றையும் பத்து நாளைக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். கார்த்திகைக் கொசுவுக்கு வலை போதும். மலத்தட்டில் எம்-சாண்ட் போட்டிருந்தால் மாற்றுங்கள், பூனை தோண்டும்போது பறக்கும் தூசி நேரே மூக்குக்குத்தான். பனி இறங்கும் மாடியில் படுக்க விடாமல், சாக்கை மடித்து மேலே பழைய சேலை போட்டு அறை மூலையில் இடம் கொடுங்கள். பூனை பதுங்க ஓர் அட்டைப்பெட்டி. காய்கறி நிறுக்கும் தராசு இருந்தால் தினம் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். 150 கிராம் குறைந்தால் உங்கள் பூனைக்கு அது பெரிய இழப்பு.

தரையைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். பினாயில், டெட்டால் வகையறா எல்லாம் பீனால் குடும்பம், மேலே சொன்ன அதே கல்லீரல் கதைதான், அதுவும் பாதத்தை நக்கும் பிராணிக்கு. பாத்திரத்துக்கும் தரைக்கும் துணி வெளுக்கும் பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் 32 பங்கு. பத்து நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவி, காய்ந்த பிறகே பூனையை விடலாம். ஹெர்பிஸ் வெளியே ஒரு நாள்கூடத் தாங்காது, கேலிசி வாரக்கணக்கில் தாங்கும், சாதாரணச் சோப்புக்கு மசியாது. வேறு வீட்டுப் பூனையைத் தொட்டு வருகிறவர்கள் கையைக் கழுவட்டும், உடுப்பையும் மாற்றட்டும். இந்த இரண்டு வைரஸும் மனிதருக்குத் தொற்றாது, பாட்டியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஓட வேண்டும்? பூனை தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். முப்பதுக்குள் இருந்தால் நிம்மதி. நாற்பதைத் தாண்டினால் கிளம்புங்கள். நாய் போல வாயைத் திறந்து மூச்சு விட்டால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். ஈறு வெளுத்தாலோ நீலமானாலோ, வாந்தியும் கழிச்சலும் சேர்ந்து வந்தாலோ நள்ளிரவானாலும் சரி. வாந்தி, கழிச்சல் என்றால் அது இந்தச் சளி அல்லாமல் தடுப்பூசி போடாத பூனைகளைக் கொல்லும் பான்லூகோபீனியாவாக இருக்கலாம். கூட்டிப் போகக் கூடை இல்லையென்றால் சந்தைக்குப் போகும் பிளாஸ்டிக் கூடையில் வைத்துத் தலையணை உறையால் மூடிக் கட்டுங்கள், மூச்சுக்கு வழி விட்டு. உள்ளூரில் முடியாத சிக்கல் என்று டாக்டர் சொன்னால் தேனியிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், இது திரும்ப வருமா என்று. ஹெர்பிஸ் என்றால் வரலாம், முதல் தடவை போல இவ்வளவு கடுமையாக அநேகமாக வராது. முழுவதும் தேறிய பிறகு டாக்டரிடம் கேட்டுப் பூனைக்கான மூன்று நோய்த் தடுப்பூசியும் வெறிநோய் ஊசியும் போட்டுவிடுங்கள். மூன்று நோய் என்பது ஹெர்பிஸ், கேலிசி, பான்லூகோபீனியா. சளியை அது முழுக்கத் தடுக்காது, வந்தாலும் படுக்க வைக்காது. குட்டிகளுக்கு எட்டாவது வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை போட வேண்டும். உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது, எத்தனை தவணை என்று டாக்டர் சொல்வார். அடுத்த தீபாவளிக்கு முந்தைய நாளே ஜன்னலை அடைத்து, பீரோவுக்குப் பின்னால் அந்த அட்டைப்பெட்டியையும் தண்ணீரையும் மலத்தட்டையும் வைத்துவிடுங்கள், அது தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இப்போது கீசரைப் போடுங்கள். பாட்டி பறித்து வைத்த நொச்சியை அவருக்கே ஒரு சட்டியில் போட்டுக் கொடுங்கள், ஆனால் பூனை இருக்கும் அறையில் வேண்டாம்.